ஒலி முன்னே, எழுத்து பின்னே

நாலு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது தமிழ் பேசத் தெரிந்துதான் வருகிறது. "டீச்சர், அவன் என் பலப்பத்த எடுத்துட்டான்" என்று புகார் சொல்லும் பிள்ளைக்குத் தமிழின் ஒலிகளில் பெரும்பங்கு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அந்த ஒலிகளுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய வடிவம் உண்டு என்பது மட்டும்தான் அதற்குப் புதிது. இருக்கும் ஒலியோடு புது வடிவத்தை முடிச்சுப் போடுவதுதான் நம் வேலை.

ஆனால் பெரும்பாலான வீடுகளிலும் வகுப்புகளிலும் வடிவத்திலிருந்தே தொடங்குகிறோம். சுவரில் அட்டவணையை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு, அ, ஆ, இ, ஈ என்று கூட்டமாகச் சொல்ல வைக்கிறோம். சில வாரங்களில் பிள்ளை 12 உயிரெழுத்தையும் ராகத்தோடு ஒப்பித்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் 'எ'வை மட்டும் தனியாக எழுதிக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை அ, ஆ, இ என்று முணுமுணுத்தபடி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வரும். எழுத்தின் வரிசை மனப்பாடமாகியிருக்கிறது. எழுத்து ஒலியோடு ஒட்டவில்லை. வரிசை தெரிவது பின்னாளில் அகராதி பார்க்க உதவும். படிக்க உதவாது.

முதலில் காது

எழுத்து எதையும் காட்டாமல் இரண்டு மூன்று வாரம் ஒலியோடு மட்டும் விளையாடுங்கள். "பாடத்தைத் தொடங்காமல் என்ன விளையாட்டு?" என்று பெற்றோர் கேட்பார்கள். பாடம் இங்கேதான் தொடங்குகிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

பெயர்களில் ஆரம்பிப்பது நல்லது. தன் பெயரைவிடப் பிள்ளைக்குப் பிரியமான சொல் வேறு கிடையாது. "யார் பேரு 'க'வுல ஆரம்பிக்குது? எந்திரிச்சு நில்லுங்க!" கவிதா எழுந்திருப்பாள், கதிரும் எழுந்திருப்பான். கார்த்தி பாதி எழுந்து நின்று யோசிப்பான். அவன் அப்படி யோசித்தால் காது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். 'க'வும் 'கா'வும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லாமலே அவன் கண்டுகொண்டிருக்கிறான்.

அடுத்தது, சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த சொல் சொல்வது. மாடு என்றால் டுவில் தொடங்கும் சொல் கிடைக்காமல் ஆட்டம் நின்றுபோகும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு "'டு'ன்னு முடியுற சொல் சொல்லு" என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆடு, வீடு, காடு, கூடு என்று மழையாகக் கொட்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 'க' பாஷை உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு 'க'வைச் செருகிப் பேசுவது: 'வாடா' என்பது 'கவாகடா' ஆகும். பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காகப் பிள்ளைகளே உருவாக்கிய விளையாட்டு அது. அதைப் பேசத் தெரிந்த பிள்ளை சொல்லை ஓடும்போதே துண்டுபோடக் கற்றுவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் எந்தப் பயிற்சி ஏட்டிலும் பார்த்ததில்லை. வகுப்பில் யாராவது பேசினால் தடுக்காதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

குறில் நெடிலையும் இந்த வாரங்களிலேயே காதுக்குக் கொடுத்துவிடலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு, இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். பிள்ளைகளுக்கு அளவு வேண்டாம், விரல் நொடி போதும். கல் என்னும்போது ஒரு சொடக்கு. கால் என்னும்போது கையை நீட்டி இழுப்பது. படம், பாடம்; மடம், மாடம்; பல், பால். இரண்டு மூன்று நாளில் நீங்கள் சொல்வதற்கு முன்பே கைகள் நீண்டிருக்கும்.

இலையா, எலையா?

இனி எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படச்சொல் வேண்டும். கடையில் கிடைக்கும் அட்டவணைகளில் ஏதோ ஒன்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன்.

'இ'க்கு எல்லா அட்டவணையிலும் இலைதான். ஆசிரியை படத்தைக் காட்டுகிறார். "இது என்ன கண்ணு?" "எலை, டீச்சர்." "எலை எந்த எழுத்துல ஆரம்பிக்குது?" "எ!" பிள்ளையின் காது பழுதில்லாமல் வேலை செய்திருக்கிறது. நம் பேச்சில் இலை 'எலை' ஆகத்தான் ஒலிக்கிறது. இடம் 'எடம்', இரை 'எரை'. அதேபோல் உரல் 'ஒரல்', உடம்பு 'ஒடம்பு', உலகம் 'ஒலகம்'. ஆசிரியை "தப்பு, இ" என்று திருத்தும்போது பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: என் காதை நம்பக்கூடாது, டீச்சர் சொல்வதை ஒப்பிக்க வேண்டும். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் பாதை அங்கேயே அடைபடுகிறது.

இதற்கு மருந்து எளிது. வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுத்திலும் தொடங்கும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'இ'க்கு இட்லி, இஞ்சி. 'உ'வுக்கு உப்பு, உண்டியல். 'எ'வுக்கு எலி, எறும்பு. 'ஐ'க்கு ஐந்து வேண்டாம். பிள்ளைக்கு அது அஞ்சு. ஐஸ் என்று சொன்னால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துகொள்ளும். தமிழ்ச் சொல் இல்லையே என்று தயங்காதீர்கள், இங்கே நமக்கு வேண்டியது ஒலி. ஔ, ஃ இரண்டையும் முதல் ஆண்டில் அவசரப்பட்டுத் தொடவே வேண்டாம். பிள்ளை படிக்கப்போகும் சொற்களில் அவை வருவது மிக அரிது.

மெய்வரிசையிலும் இதே கவனம் தேவை. 'த'வுக்குத் தோசை போட்டால், பேச்சில் அதன் முதலொலி தாத்தாவின் முதலொலியைப் போல வல்லென்று இருக்காது. 'த'வுக்குத் தாத்தாவும் தட்டும்தான் சரி. 'ப'வுக்கு பஸ் வேண்டாம். பால், பட்டம், பாட்டி இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குத்தான் தெரியும். படச்சொல் பட்டியலைத் தயாரித்ததும் பிள்ளைகளிடம் படத்தை மட்டும் காட்டி, அவர்கள் வாயில் என்ன வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

புத்தகத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை மறைக்கவும் வேண்டாம். எழுத்துக்கூட்டி 'காற்று' என்று படித்துவிட்டு, அது என்னவென்று புரியாமல் முழிக்கும் பிள்ளையிடம் "நம்ம காத்துதான்டா அது. புத்தகத்துல காற்றுன்னு எழுதுவாங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முகம் மலர்ந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1; ஆக 247. இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 216 உயிர்மெய்யும் 216 பாடம் அல்ல. 18 அகர வரிசை வடிவமும் சில குறிகளும் தெரிந்தால் மற்றவற்றில் பெரும்பகுதி கூட்டிக்கொள்ளக் கூடியவை. அதே நேரம் ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு அவசரப்படவும் கூடாது. நம்மைப் போலவே உயிர்மெய் முறையில் எழுதும் கன்னடத்தைக் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் எல்லாம் கைவர அங்கே பள்ளியின் முதல் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் 3 வகுப்புகளைச் சேர்த்தே கணக்கில் கொண்டது. எல்.கே.ஜி. முடிவதற்குள் 247ஐயும் எழுதச் சொல்லும் பள்ளிகளைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம்.

அ முதல் ஔ வரை முடித்து, பிறகு க் முதல் ன் வரை முடித்து, அப்புறம்தான் சொல் என்று போனால் பிள்ளை முதல் சொல்லைப் படிக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் எழுத்து எதற்கென்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பது கொடுமை. வடிவம் எளிதாகவும் சொல் அதிகமாகவும் கிடைக்கும் எழுத்துகளை முதலில் எடுங்கள். என் தேர்வு ட, ப, ம. மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகள். 'ம'வில் மட்டும் ஒரு வளைவு. இவற்றோடு அ, ஆ, துணைக்கால், புள்ளி சேர்ந்தால் படம், பட்டம், பாடம், மாடம், ஆட்டம், அப்பம், அம்மா, அப்பா, மாமா, பாப்பா எல்லாம் படிக்கலாம். கற்கத் தொடங்கிய மாதத்திலேயே வீட்டிலுள்ள பாதிப் பேரை எழுதிவிடலாம்!

அடுத்த கட்டு க, த, ல. கல், கால், பல், பால், தாத்தா, கடல், கப்பல், பாலம். பிறகு 'இ'யும் இகரக் குறியும்: பாட்டி, தாடி, மாடி, கத்தி, பல்லி, இட்லி. 'டி'யில் மட்டும் குறி எழுத்தோடு ஒட்டி வேறு வடிவமாக நிற்கும். அதைத் தனியாகக் காட்டிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்து, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் உட்கார வைத்தால் எழுத்து பிடிக்காது, வெறுப்புத்தான் பிடிக்கும்.

புள்ளி வைத்த எழுத்து

நம் மரபில் மெய்யைச் சொல்ல முன்னால் ஓர் இகரம் சேர்க்கிறோம்: இக், இங், இச். பெரியவர்களுக்கு இதில் சிரமமில்லை. பிள்ளையிடம் "இப் கூட்டல் ஆ?" என்று கேட்டால் "இப்பா" என்றுதான் வரும். அது பிள்ளையின் குற்றமல்ல. ஆகவே 'ப்+ஆ=பா' என்ற கணக்கைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ப; அதற்குக் கால் வந்தால் நீண்டு பா; தலையில் புள்ளி வந்தால் ஒலி அங்கேயே அடைபடும். அப் என்று சொல்லி உதட்டை மூடி நிறுத்துங்கள். பிறகு பா என்று திறங்கள். அப்...பா. அம்...மா. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது என்பதால் புள்ளியெழுத்தை எப்போதும் அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்தே சொல்லப் பழக்கலாம்.

முதல் வகுப்பு நோட்டைத் திறந்தால் அதிகம் கண்ணில்படும் பிழை புள்ளியெழுத்து விடுபடுவதுதான்: அமா, படம் (பட்டத்துக்கு), கபல். காரணம் கவனக்குறைவு அல்ல. பட்டம் என்பதைக் கைதட்டிச் சொல்லுங்கள். பட்-டம், இரண்டு தட்டு. எழுத்தோ நான்கு. புள்ளியெழுத்துக்குத் தனித்தட்டு கிடையாது, அதனால் காதிலிருந்து நழுவுகிறது. எடு–எட்டு, பாடு–பாட்டு, படம்–பட்டம் என்று இணையிணையாகச் சொல்லி, இரண்டாவதில் வாய் ஒரு கணம் அடைத்து நிற்பதைப் பிள்ளையே தன் விரலை உதட்டில் வைத்து உணரட்டும். 'அப்பா'வில் உதடு மூடுவது விரலுக்குத் தெரியும். 'பட்டம்' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி நிற்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

சொல்லின் கடைசியில் வரும் ம், ன் இன்னொரு தொல்லை. பேச்சில் 'படம்' என்னும்போது நாம் உதட்டை மூடுவதே இல்லை. மூக்கால் ஒலித்து முடித்துவிடுகிறோம். 'நான்' என்பதும் அப்படியே. பிள்ளை 'பட' என்றும் 'நா' என்றும் எழுதினால் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. அதனால் 'ம்'மை 'அம்மா'விலிருந்து அறிமுகம் செய்யுங்கள், மரத்திலிருந்து வேண்டாம். கல், பல் போன்றவையும் வீட்டில் கல்லு, பல்லு ஆகியிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டுங்கள்.

ஒரே எழுத்து, வேறு வேறு குரல்

"கல், மகன், தங்கம் மூன்றிலும் 'க' வேறு வேறு மாதிரி ஒலிக்கிறதே, பிள்ளைக்கு எப்படிப் புரியும்?" என்று பயிற்சிக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கேட்பது வழக்கம். ஆங்கிலம் கற்பித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குழப்பமாகத் தோன்றும். உண்மையில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது குழப்பமே இல்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. ங், ஞ், ண், ந், ம் ஆகியவற்றின் பின்னால் அதிரும் ஒலி. இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்லிய ஒலி. பாம்பு என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் பகரமும் இரண்டாம் பகரமும் தானாகவே வேறுபட்டு வரும். மூன்று வயதிலேயே வாய் இதைக் கற்றுவிட்டது. எழுத்தை மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகாமல் சொல்லோடு பழகினால், குரல் மாற்றத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக அயல்நாடுகளில் வளர்பவர்களுக்கு, இது தானாக வராது. அவர்களுக்குப் பக்கம்–பங்கு, பத்து–பந்து, எட்டு–எண்டு போன்ற இணைகளைக் காதால் கேட்கும் பயிற்சி தனியே வேண்டும்.

கொம்பும் காலும்

கால் வலப்பக்கம் வருவதால் முதலில் சொல்லித்தர எளிது. ஓர் எச்சரிக்கை: துணைக்கால் 'ர' போலத் தோன்றும். 'பால்' என்பதைப் 'பரல்' என்று படிக்கும் பிள்ளையிடம் 'ர'வின் அடியிலுள்ள சாய்கோட்டைத் தொட்டுக் காட்டுங்கள்.

கொம்புதான் கடினம். பெ என்பதில் கண்ணுக்குக் கொம்பு முதலில் படுகிறது, வாய்க்கு 'ப' முதலில் வருகிறது. கண் ஒரு வரிசை, காது ஒரு வரிசை. இதை எழுதிக் காட்டுவதைவிட அட்டையால் காட்டுவது மேல். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ப'வைப் பெரிதாக எழுதிப் பிள்ளை முன் வையுங்கள். "ப" என்று சொல்லட்டும். இன்னொரு தாளில் எழுதிய கொம்பை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து வைத்ததும் "பெ". எடுத்தால் "ப". வைத்தால் "பெ". இரட்டைக்கொம்பு வைத்தால் "பே". எழுத்துதான் தலைவர், கொம்பு வந்து ஒலியை மாற்றுகிறது என்பது இந்த அசைவில் விளங்கிவிடும். பிறகு வலப்பக்கம் காலும் சேர்த்தால் "பொ", "போ". இந்த வேலையைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். தானே வைத்து எடுத்து வைத்து எடுத்து, பார்ப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டும்.

ஐகாரத்தில் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னாவுக்கும் இருந்த பழைய வடிவங்கள் மாறின. சில தாத்தா பாட்டிகள் இன்றும் 'லை'யைத் தும்பிக்கையோடுதான் எழுதுகிறார்கள். பேரப்பிள்ளைக்கு எழுதிக் காட்டும்போது மட்டும் இப்போதைய வடிவத்தை எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள்.

உகர, ஊகார வரிசைகள் ஒரே குறியில் அடங்காதவை. குடும்பம் பிரித்துச் சொல்லித்தந்தால் பாரம் குறையும்: டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சு, பு, யு, வு அடுத்தது, ணு, து, நு, லு, று, னு இன்னொன்று. கு, கூ தனி. ஙு, ஞுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை வரும் சொல்லே இல்லை எனலாம்.

இந்தக் குறிகளைப் பழக்கத் தமிழ் நமக்கு ஓர் அருமையான வசதி தந்திருக்கிறது: ஓரெழுத்துச் சொற்கள். நன்னூல் இவற்றை 42 என்று கணக்கிடுகிறது. அவற்றில் பிள்ளை அன்றாடம் பேசுபவையே நமக்குப் போதும்: பூ, தீ, நீ, கை, பை, மை, வா, போ, தா, வை, ஈ. ஒவ்வொன்றும் ஒரு குறி, ஒரு பொருள். அட்டையில் எழுதிக் கலைத்து வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டினால் பிள்ளை அதன்படி செய்ய வேண்டும். 'வா' காட்டினால் வர வேண்டும். 'போ' காட்டினால் போக வேண்டும். இரண்டு அட்டையைச் சேர்த்தால் 'கை தா'; மூன்றைச் சேர்த்தால் 'நீ பூ தா'. எட்டுப் பத்து எழுத்து தெரிந்த பிள்ளை முழு வாக்கியத்தைப் படித்து, அதில் சொன்னபடி பூவை எடுத்து வந்து கொடுக்கிறது. எழுத்துக்கு இவ்வளவு வலிமையா என்று அது வியக்கும் கணம் இது. பிறகு அட்டையை உங்களிடமிருந்து பிடுங்கி உங்களையே 'போ' என்று துரத்தும். போய்விட்டு வாருங்கள்.

காதால் பிரிக்க முடியாதவை

ல, ள, ழ மூன்றையும் வாயால் வேறுபடுத்தலாம். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம். 'ள'வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு இன்னும் உள்ளே வளையும், எதையும் தொடாது. பல ஊர்களில் பழம் பளமாகவும் சென்னைப் பக்கம் பயமாகவும் ஒலிக்கும். பிள்ளை அப்படிச் சொன்னால் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். அது அதன் அம்மா பேசும் தமிழ். நீங்கள் சரியாக ஒலித்துக்கொண்டே இருங்கள், நாளடைவில் வரும்.

ந–ன, ர–ற கதை வேறு. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் இவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. இல்லாத வேறுபாட்டை அழுத்தி அழுத்திச் சொல்லிக் காட்டிக் காதால் கண்டுபிடிக்கச் சொல்வது வீண் பாடு. 'ந' சொல்லின் முதலிலும் 'த'வுக்கு முன்னும் வரும், 'ன' மற்ற இடங்களில் என்று இடத்தைச் சொல்லுங்கள்: நாய், பந்து, மான். 'ற' சொல்லின் முதலில் வராது. மற்றவை கண்ணால் பார்த்துப் பழக வேண்டியவை. மரத்தையும் மறத்தையும் ஐந்து வயதில் சொல்வதெழுதுதலில் வைக்க வேண்டாம்.

பிள்ளை எழுதும்போது

விரல் எலும்பு உறுதிப்படும் முன் பென்சிலைத் திணிக்காதீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத வைத்ததில் அர்த்தம் இருந்தது. தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி அதன்மேல் புளியங்கொட்டை அடுக்கலாம். 'ட'வைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயது வரை சாதாரணம். ஆனால் ஒலி விளையாட்டுகளிலேயே தொடர்ந்து பின்தங்கும் பிள்ளைக்கு, அதிலும் அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

எழுத்துகள் கொஞ்சம் சேர்ந்ததும் பிள்ளை தானாக எதையாவது எழுதிக்கொண்டு வரும். 'அபா கட பொனா' என்று இருக்கும். உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். "அப்பா கடைக்குப் போனார்னு எழுதியிருக்கியா? எனக்குப் படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை விரல் வைத்துப் படிக்கும்போது எந்த ஒலிக்கு எழுத்து போட்டிருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்: புள்ளியெழுத்து வரவில்லை, ஐகாரக் குறி இன்னும் தெரியாது, ஒகரமும் ஓகாரமும் பிரியவில்லை. அதில் ஒன்றை மட்டும், 'அப்பா'வில் உதடு மூடும் இடத்தை மட்டும், அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் தேதி போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, மற்ற இரண்டையும் அடுத்த வாரப் பாடமாகக் குறித்துவையுங்கள்.